மாசிக்கு மாற்றிய போட்டி

மாசி மாதத்தில் வன்னியில் மழை பெய்யாது. இது மாட்டுக்குத் தெரியும், கொக்குக்குத் தெரியும். எங்கள் பக்கத்து உதைபந்தாட்டச் சங்கம் அதைக் கண்டுபிடிப்பதற்கு மட்டும் ஒரு பின்னேரம் முழுவதும் கூட்டம் போட்டு, வடை சாப்பிட்டு, தேத்தண்ணி குடிக்க வேண்டியிருந்தது. கண்டுபிடித்த கையோடு எங்களை வெளியே தள்ளினார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆறவேண்டும் என்று நான் ஆசைப்பட்டதும் இல்லை.

நாங்கள் மலைநாட்டு ஆட்கள். எழுபத்தேழு கலவரத்தில் எங்கள் தோட்டத்து லயத்துக்கு நெருப்பு வைத்த பிறகு, கையில் கிடைத்ததைக் கட்டிக்கொண்டு லொறி ஏறி, விசுவமடுவுக்கு உள்ளே காட்டை ஒட்டிய மேட்டுக்காணியில் வந்து இறங்கினோம். எங்கள் வீட்டில் அம்மா, அண்ணன், நான். அப்பா அதற்கு முன்பே தோட்டத்தில் காய்ச்சலில் போய்விட்டார். கூட வந்த குடும்பங்களும் அதே தோட்டம்தான். கொட்டில் போட்டோம், கிணறு வெட்டினோம், கூலி வேலைக்குப் போனோம். கீழே வாய்க்கால் பாய்கிற பக்கம், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேற்றத் திட்டத்தில் காணி எடுத்தவர்களின் வயல்கள் இருந்தன. அவர்களுக்குப் பள்ளிக்கூடம், சங்கக்கடை, வாசிகசாலை எல்லாம் இருந்தது. ஊர் என்றால் அது ஊர். எங்கள் இடத்தை அவர்கள் ‘காம்ப்’ என்றார்கள். வந்த வருஷமே எல்லோரும் கூடி உட்கார்ந்து எங்கள் இடத்துக்கு நல்ல பெயர் ஒன்று வைத்திருந்தோம். பஸ் கொண்டக்டர்கூட அதைச் சொல்லமாட்டான். “காம்ப் ஆக்கள் இறங்குங்கோ” என்பான், நாங்களும் இறங்குவோம்.

நாங்கள் வந்தது ஆவணியில். குடியிருப்புக்கும் வயல்களுக்கும் நடுவில் பெரிய வெட்டவெளி ஒன்று கிடந்தது. கல் இல்லை, முள் இல்லை, அறுகம்புல் படர்ந்த மட்டத் தரை. மூன்று பக்கமும் காடும் எங்கள் மேட்டுக்காணியும். ஒரு பக்கம் நீளமாக ஒரு மண்மேடு. யாரும் அதில் பயிர் வைக்கவில்லை, வேலி அடைக்கவில்லை, மாடு மட்டும் மேய்ந்தது. மலையில் பிறந்தவனுக்கு மட்டமான தரை என்றால் என்னவென்று மற்றவர்களுக்குச் சொல்லி விளங்கவைக்க முடியாது. எங்கள் தோட்டத்தில் பந்தை ஒருமுறை ஓங்கி உதைத்தால், தேயிலைக்குள் இறங்கி ஆற்றோரம் வரைக்கும் போய்த்தான் எடுத்துவர வேண்டும். திரும்பி ஏறி வருவதற்குள் விளையாடுகிற ஆசையே விட்டுப்போகும். அண்ணன் அந்த வெளியைப் பார்த்த அன்றே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரைக்கும் ஓடினான். சும்மா ஓடினான். அடுத்த கிழமை பாலை மரம் வெட்டி இரண்டு பக்கமும் கோல் கம்பம் நட்டோம்.

வயல்காரர்கள் சைக்கிளை அந்த மண்மேட்டில் நிறுத்திவிட்டு, நாங்கள் குழி தோண்டிக் கம்பம் நடுவதைப் பார்த்தார்கள். தங்களுக்குள் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்கள். ஒருவருக்காவது வாயைத் திறந்து ஒரு சொல் சொல்ல மனம் வரவில்லை.

மார்கழி வந்தபோது கோல் கம்பத்தின் குறுக்குமரம் மட்டும் தெரிந்தது. அதில் ஒரு நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது. மற்றதெல்லாம் தண்ணீர். நாங்கள் குளத்துக்குள் மைதானம் போட்டிருந்தோம்! அந்த மண்மேடுதான் குளக்கட்டு. எங்களுக்கு என்ன தெரியும்? மலையில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும், ஓரிடத்தில் நிற்காது. குளம் என்றால் கோயிலுக்குப் பக்கத்தில் படி வைத்துக் கட்டியது என்றுதான் நினைத்திருந்தோம். இரண்டு நாள் வெயில் எறித்தால் வடிந்துவிடும் என்று அம்மா தை மாதம் முழுவதும் நம்பிக்கொண்டிருந்தாள். வயல்காரர்கள் அந்தக் கதையை விதம்விதமாகச் சொல்லி அந்த மாரியைக் கழித்தார்கள். சிரிக்கட்டும். சிரிப்பில் எனக்குப் பெரிய கோபம் இல்லை. இன்னொருவன் இப்படிச் செய்திருந்தால் நாங்களும்தான் சிரித்திருப்போம்.

அந்தக் குளத்துத் தண்ணீர் எங்கள் மேட்டுக்கு ஏறாது. மதகைத் திறந்தால் கீழே அவர்களுடைய வயலுக்குத்தான் போகும். கோடையில் சிறுபோக நெல்லுக்குத் திறந்து திறந்து, ஆடி கழியும்போது அடித்தரை தெரியும். சேறு காய்ந்து, புல் முளைத்து, ஆவணியில் மறுபடி மைதானமாகிவிடும். தண்ணீர் அவர்களுக்கு, வற்றிய தரை எங்களுக்கு என்று ஒரு பங்கு பிரிப்பு யாரும் பேசாமலே நடந்துவந்தது. அதற்கும் நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை.

சங்கத்தின் போட்டி ஆவணியில் தொடங்கி ஐப்பசியில் முடியும். ஊருக்கு ஒரு கழகம். ஒவ்வொரு கழகமும் சில ஆட்டங்களைத் தன் மைதானத்தில் நடத்தவேண்டும், சில ஆட்டங்களுக்கு மற்றவர்களுடைய மைதானத்துக்குப் போகவேண்டும். சொந்த மைதானம் இல்லாத கழகத்தைச் சேர்க்கமாட்டார்கள். அதுதான் விதி. எங்களுக்கு ஆவணியில் மைதானம் இருந்தது. வந்து சில வருஷத்தில், அண்ணன் அவர்கள் வாசலுக்கும் இவர்கள் வாசலுக்கும் நடையாய் நடந்து எங்களையும் சேர்த்துவிட்டான்.

அதன் பிறகு நடந்த ஒரு விஷயத்துக்காகத்தான் நான் இதையெல்லாம் எழுதுகிறேன். ஆட்டம் தொடங்கும் முன் லவுட்ஸ்பீக்கரில் இரண்டு கழகத்தின் பெயரையும் ஊரின் பெயரையும் சொல்வார்கள். ‘காம்ப்’ என்று அதில் சொல்ல முடியாது. பதிந்த பெயரைத்தான் சொல்லவேண்டும். நாங்கள் கூடி வைத்த பெயரை, முழுப் பெயரை, வேறு ஊரான் ஒருவன் மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னான். கோல் விழுந்தால் இன்னொருமுறை சொன்னான். பந்தைப் பற்றி ஒன்றும் தெரியாத எங்கள் பெண்கள், அந்தப் பெயரைக் கேட்பதற்காகவே குளக்கட்டில் வந்து வரிசையாக உட்கார்ந்தார்கள். அண்ணன் வெளியே சொல்லமாட்டான். ஆனால் வெற்றியைவிட அவனுக்கு அதுதான் பெரிது. போட்டிக்குள் இருக்கிறவரைக்கும் நாங்கள் ஒரு ஊர். வெளியே போனால் காம்ப்.

போட்டியில் சேர்ந்த மூன்றாவது வருஷம் நாங்கள் அரையிறுதிக்கு வந்தோம். ஐப்பசி பிறந்து, வானம் கறுத்துக்கொண்டே இருந்த நேரம். ஆட்டம் எங்கள் மைதானத்தில். பாதி ஆட்டத்தில் மழை பிடித்தது. அது எங்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. மழையில் கொழுந்து பறித்தவர்களின் வயிற்றில் பிறந்த பிள்ளைகள் நாங்கள். சேற்றில் சறுக்கிச் சறுக்கி விளையாடினோம், எதிரணியும் நன்றாகத்தான் விளையாடியது, ஒருவரும் நிறுத்தச் சொல்லவில்லை. அண்ணன் அடித்த கோலில் நாங்கள் வென்றோம். நனைந்தவர்கள் யாரும் குறை சொல்லவில்லை. குறை சொன்னவர் சங்கத்தின் செயலாளர். அவருடைய புது மோட்டார் சைக்கிள் குளத்துச் சேற்றில் அச்சு வரைக்கும் இறங்கிவிட்டது. எங்கள் ஆட்கள்தான் கயிறு கட்டி இழுத்து எடுத்துக் கொடுத்தார்கள். அவர் காற்சட்டையெல்லாம் சேறு. நன்றி சொல்லாமல் போனார். அதற்குப் பிறகு மழை விடாமல் அடித்தது. இறுதி ஆட்டம் நடக்கவே இல்லை.

மார்கழியில் கூட்டம் கூட்டினார்கள். காலநிலைச் சீர்கேடு காரணமாகப் போட்டிக் காலத்தை மாற்றி அமைப்பது பற்றி. செயலாளரின் மோட்டார் சைக்கிளுக்கு அந்தக் கூட்டத்தில் வைத்த பெயர்தான் காலநிலைச் சீர்கேடு. எங்கள் சார்பில் அண்ணன் போனான், துணைக்கு நான் போனேன். சங்கத் தலைவர் குடியேற்றத் திட்டத்தில் பெரிய வயல்காரர். எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு அவரிடம்தான் அரிவு வெட்டும் களை எடுப்பும். நல்ல மனிதர் என்று எல்லோரும் சொல்வார்கள். குரலை உயர்த்தி அவர் பேசி நான் கேட்டதில்லை. எனக்கு அவரில் அதுதான் ஆகவே ஆகாது. கத்துகிற மனிதனோடு திருப்பிக் கத்தலாம். இவரோடு என்ன செய்வது?

ஒவ்வொரு மாதமாக எடுத்துப் பேசினார்கள். பங்குனி, சித்திரையில் வெயிலுக்கு நாயும் வெளியே வராது. வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல், ஊர்ச்சனம் எல்லாம் அங்கே போய்விடும், நேர்த்திக்காரர் விரதம் இருப்பார்கள், பந்து உதைக்க யார் வருவார்கள்? ஆனியிலும் ஆடியிலும் சோளகக் காற்று. மேலே அடித்த பந்து எங்கே விழும் என்று அடித்தவனுக்கே தெரியாது, கண்ணெல்லாம் புழுதி. ஆவணியில் தொடங்கினால் முடிவதற்குள் மழை பிடிக்கிறது. கார்த்திகை, மார்கழி முழுக்க மழை. தையில் வயல் வெட்டு. கடைசியில் எல்லோரும் சேர்ந்து மாசியில் வந்து நின்றார்கள். மழை விட்டிருக்கும், வெயில் ஏறியிருக்காது, வெட்டிய வயல் காய்ந்து கிடக்கும், கையில் நெல் இருக்கும், மனமும் நன்றாக இருக்கும். அப்படியொரு மாதம் உலகத்திலேயே இல்லை என்பது போல ஆளாளுக்குத் தலையாட்டினார்கள்.

அண்ணன் எழுந்தான். கையைக் கட்டிக்கொண்டுதான் எழுந்தான், அது தோட்டத்துப் பழக்கம், அவனால் விடமுடியவில்லை.

“ஐயா, மாசியில எங்க கிரவுண்டு தண்ணிக்குள்ள இருக்குங்க,” என்றான்.

கூட்டம் முழுவதும் சிரித்தது. மழை இல்லாத மாதத்தில் மைதானத்தில் தண்ணீர் என்று ஒருவன் சொன்னால் சிரிக்கத்தானே வேண்டும். உன்னைக் குளத்துக்குள் யார் கோல் கம்பம் நடச் சொன்னது என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். வேறு எங்கே நடுவது? மேட்டுக்காணி கொட்டிலுக்கும் மரவள்ளிக்குமே போதாது. காட்டை வெட்டி வெளியாக்கினால் வழக்கு. கீழே வயல். மழை மேலேயிருந்து விழுந்தால்தான் இவர்களுக்கு மழை. விழுந்த மழை எங்கே போய் நிற்கிறது, யாருடைய தலையில் நிற்கிறது என்று இவர்களுக்கு ஒரு கணக்கும் இல்லை. இதையெல்லாம் நான் எழுந்து சொல்லியிருப்பேன். அண்ணன் என் தொடையில் கையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தான்.

தலைவர் சிரிக்கவில்லை. எல்லோரையும் கையமர்த்திவிட்டு, அண்ணனைப் பார்த்து இதமாகச் சொன்னார்.

“தம்பி, அதுக்கேன் கவலைப்படுறீங்கள்? குளக்கட்டுக்குக் கீழை என்ரை வயல் இந்தமுறை முந்தி விளைஞ்சிட்டுது. வெட்டி முடிய அதிலை விளையாடுங்கோவன். வரம்பைப் பிறகு கட்டித் தந்தால் சரி.”

அண்ணனுடைய முகத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். வழி முழுவதும் பேசிக்கொண்டே வந்தான். எங்களுக்காக அவர் வயலையே விட்டுக்கொடுக்கிறார் என்றான். நான் மட்டும் எதற்கு எப்போதும் சிடுசிடுவென்று இருக்கிறேன் என்று கேட்டான். ஒருவேளை தலைவர் நல்ல மனிதர்தானோ என்று நானும் அன்று நினைத்தேன்.

தை பிறந்ததும் எங்கள் ஆட்கள் மற்ற வேலையெல்லாம் தள்ளிவைத்துவிட்டுத் தலைவரின் வயலில் இறங்கினார்கள். வெட்டி, கட்டி, கதிர்களை வேறிடத்தில் சூடாகக் குவித்து, கதிர்க்கட்டு ஒன்றுகூட இல்லாமல் வயலை வெறுமையாக்கினோம். அரிவு வெட்டுக்குக் கூலி கிடைத்தது. அதற்குப் பிறகு செய்ததெல்லாம் எங்கள் மைதானத்துக்காக, அதனால் கூலி கேட்கவில்லை. அடிக்கட்டையைக் கத்தியால் தரையோடு தரையாக வெட்டினோம். துண்டு துண்டாகக் கிடந்த வயலுக்கு நடுவே ஓடிய வரம்புகளைக் கொத்திச் சரித்து, அந்த மண்ணைப் பள்ளத்தில் போட்டு நிரப்பினோம். பெண்கள் குடத்தில் வாய்க்கால் தண்ணீர் அள்ளி வந்து தெளித்தார்கள். பையன்கள் மரக்குற்றியைக் கயிறு கட்டி இழுத்து உருட்டினார்கள். அம்மா கொழுந்துக்கூடை சுமந்த முதுகோடு மண்கூடை சுமந்தாள். வயல் என்று யாரும் சொல்லமுடியாத தரையாக அது ஆனது. அண்ணன் புதிதாகக் கோல் கம்பம் செதுக்கி நட்டான். இந்தமுறை எந்த மாரிக்கும் முழுகாது என்று சொல்லிச் சிரித்தான்.

போட்டிக்கு முன் மைதானங்களைப் பார்வையிட வந்தார்கள். அதே மோட்டார் சைக்கிளில் செயலாளர், பின்னால் தலைவர். செயலாளர் சப்பாத்துக் காலால் தரையைத் தட்டிப் பார்த்தார். இந்தப் பக்கத்தில் இப்படியொரு தரை இல்லை என்று வாய்விட்டுச் சொன்னார். எங்களுக்குத் தலை கால் புரியவில்லை. அடுத்த கூட்டத்தில் அந்தத் தரையைப் பதிந்தார்கள். தலைவருடைய ஊர்க் கழகத்தின் மைதானமாகப் பதிந்தார்கள். அவர்களுடைய பழைய மைதானமான பள்ளிக்கூட வளவில் புதுக் கட்டடம் எழும்புகிறதாம், கல்லும் மணலும் குவித்திருக்கிறதாம். வயலும் அந்த ஊர் எல்லைக்குள்தான் வருகிறதாம். ஒரே மைதானத்தை இரண்டு கழகத்துக்குப் பதிய விதியில் இடமில்லையாம். ஆகவே காலநிலையை முன்னிட்டு, மைதானம் இல்லாத காரணத்தால், எங்கள் கழகத்தை இந்தமுறை சேர்க்க முடியவில்லையாம். எவ்வளவு மரியாதையான வசனம் பாருங்கள். நாங்கள் மண் சுமந்து செய்த மைதானத்தின்மேல் நின்றுகொண்டு எங்களுக்கு மைதானம் இல்லை என்றார்கள்.

அண்ணன் தலைவரின் வீட்டு முற்றத்துக்குப் போய் நின்றான். நானும் பின்னால் போனேன். அவர் கதிரை போடச் சொன்னார், தேத்தண்ணி கொடுக்கச் சொன்னார். கமிட்டி எடுத்த முடிவு, தான் ஒருவராக என்ன செய்யமுடியும் என்றார். அந்தக் கமிட்டிக்கு அவர்தான் தலைவர். பிறகு, ஏதோ பெரிய உதவி செய்பவர் போல, நன்றாக விளையாடுகிறவர்களை வீணாக விடமாட்டோம் என்றார். அண்ணனும் இன்னும் இரண்டு பேரும் தங்கள் ஊர்க் கழகத்தில் விளையாடலாம். சட்டையும் தங்கள் செலவிலேயே தைத்துத் தருவார்களாம். நான் தேத்தண்ணிக் கோப்பையைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டேன். அண்ணன் குடித்துவிட்டு வந்தான்.

அவர்களுடைய கழகத்தில் விளையாடப் போவதாக அண்ணன் சொன்னான், அன்று மத்தியானம் எங்கள் கொட்டிலில் சண்டை. வெட்கமில்லையா என்று கேட்டேன். அவர்கள் சட்டையைப் போட்டுக்கொண்டு அந்தத் தரையில் எப்படி ஓடுவாய் என்று கேட்டேன். அம்மா எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே சோற்றுக் கோப்பையோடு நின்றாள். அண்ணன் சொன்னான்:

“நான் வெளையாடாம இருந்தா மட்டும் நம்ம பேர சொல்லப்போறாங்களாடா? கால்ல தெம்பு இருக்கிற வரைக்கும்தான் இது. அதுக்கப்புறம் நான் மம்பட்டிக்காரன்தான்.”

அவன் சொன்னதில் பொய் இல்லை. அதனாலேயே எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. அவன்மேல் கோபமா, அவர்கள்மேல் கோபமா என்று பிரித்துப் பார்க்கிற நிலையில் நான் இல்லை. எழுந்து காட்டுப்பக்கம் போய், கையில் கிடைத்த தடியால் ஒரு விளாத்திச் செடியை அடித்துத் துவைத்தேன். அது என்ன பாவம் செய்தது!

மாசிப் போட்டி சொன்னது போலவே நடந்தது. ஒரு நாளும் மழை இல்லை. ஆட்டத்துக்கு ஆட்டம் தலைவரின் ஊர்க் கழகம் வென்றது. அண்ணன் அப்படி விளையாடி நான் முன்பு பார்த்ததில்லை. ஏதோ ஒன்றை அந்தத் தரையிலிருந்து திருப்பி எடுக்கிறவன் மாதிரி ஓடினான். நான் பார்க்கப் போகக்கூடாது என்று ஒவ்வொருமுறையும் சபதம் எடுத்து, ஒவ்வொருமுறையும் போனேன்.

இறுதி ஆட்டம் அந்தத் தரையிலேயே. எங்கள் குடியிருப்பு முழுவதும் வந்திருந்தது. அம்மா பெட்டியிலிருந்த நல்ல சேலையை உடுத்திக்கொண்டு வந்தாள். வயல்காரர்களுக்குக் கதிரை, எங்களுக்குக் குளக்கட்டு. கட்டுக்கு அந்தப் பக்கம் குளம் முட்டி நிறைந்து, தாமரையோடு பளபளத்துக் கிடந்தது. இந்தப் பக்கம் காய்ந்த தரையில் அண்ணன் மஞ்சள் சட்டையில் நின்றான். வெற்றிக் கோலை அவன்தான் அடித்தான். இரண்டு பேரைக் கடந்து, மூன்றாவது ஆளின் காலிடுக்கால் பந்தைத் தள்ளி அடித்தான். குளக்கட்டில் இருந்த எங்கள் சனம் எல்லாம் எழுந்து நின்று கூவியது. லவுட்ஸ்பீக்கர் கரகரத்தது. எங்கடை ஊர்ப் பெடியன், எங்கடை மண்ணிலை வளந்த பெடியன் என்று மைக் பிடித்தவன் தொண்டை கிழியச் சொல்லி, தலைவரின் ஊர்ப் பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்னான். கை தட்டிக்கொண்டிருந்த அம்மா என் பக்கம் திரும்பினாள்.

“எந்த ஊர்ன்னு சொல்றான்?” என்றாள்.

சத்தத்தில் விளங்கவில்லை என்று சொல்லிவிட்டேன். அவளுக்கு விளங்கியிருந்தது. தட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பரிசு கொடுக்கும்போது தலைவர் பேசினார். ஒரு துளி மழை இல்லாமல், ஒருவருக்கும் ஒரு இடைஞ்சலும் இல்லாமல் போட்டி நடந்து முடிந்ததாகவும், இனி எல்லா வருஷமும் மாசிதான் என்றும் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். ஒருவருக்கும் இடைஞ்சல் இல்லையாம்.

மறுநாள் விடிந்ததும் அண்ணன் மண்வெட்டியை எடுத்தான். வரம்பு கட்டித் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தானே. எங்களுக்கு மைதானமே கிடைக்கவில்லை, பிறகென்ன வாக்கு என்று கேட்டேன். சொன்னது சொன்னதுதான் என்றான். அவனைத் தனியாக விட மனமில்லாமல் நானும் போனேன். கோல் கம்பத்தை யாரோ முன்பே பிடுங்கிக்கொண்டு போயிருந்தார்கள். சுண்ணாம்புக் கோடு இன்னும் கிடந்தது. அதன் குறுக்கே மண்ணைக் கொத்தி ஏற்றி, காலால் மிதித்து இறுக்கி வந்தோம். வெயில் ஏறும்போது தலைவர் குடையோடு வந்து நின்று பார்த்தார்.

“வேலை காணாது தம்பி,” என்றார் அண்ணனிடம். “காம்பிலையிருந்து இன்னும் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. சிறுபோகத்துக்கு முந்தி முடியவேணும்.”

அண்ணன் சரிங்கய்யா என்றான். என்னால் முடியவில்லை. நேற்று உங்கள் ஊர்ப் பெடியன் என்றீர்கள், இன்றைக்குக் காம்ப் ஆளா என்று கேட்டேன். மரியாதை குறையாமல்தான் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. தம்பிக்கு வெயில் ஏறிவிட்டது போலிருக்கிறது என்று அண்ணனைப் பார்த்துச் சிரித்தார். அண்ணன் என்னைப் பார்க்காமல், மண்ணைப் பார்த்துக்கொண்டு, ஐயாவிடம் மன்னிப்புக் கேளு என்றான்.

நான் மண்வெட்டியை அந்தப் புது வரம்பிலேயே எறிந்துவிட்டு வந்துவிட்டேன். என் பங்கையும் சேர்த்து அண்ணனே கட்டினான். அந்தக் கிழமை முழுவதும் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. பிறகு பேசினோம், எல்லா வீட்டிலும் போலத்தான். சோறு, கூலி, அம்மாவின் முதுகுவலி. பந்தைப் பற்றி மட்டும் பேசவில்லை.

சித்திரையில் வெயில் வந்தது, வைகாசியில் வற்றாப்பளைக்குப் போய் வந்தோம், சோளகம் அடித்து ஓய்ந்தது. ஆவணியில் குளம் வற்றியது, ஆனால் எந்த ஊரிலும் போட்டி இல்லை. சேறு காய்ந்து, புல் முளைத்து, எங்கள் தரை முன்பு இருந்தது போலவே மட்டமாக வெளியே வந்தது. பையன்கள் பந்துக்குக் காற்றடித்து எடுத்துக்கொண்டு அண்ணனைக் கூப்பிட வந்தார்கள். அவன் கொட்டில் வாசலில் குந்தியிருந்து மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தான். அவர்கள் கூப்பிட்டதும் நிமிர்ந்து, பந்தையும் குளத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

“யார் கூடடா வெளையாடுறது?” என்று கேட்டான்.